கடல் பக்கத்துச் சுவர்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
12 பிப்ரவரி 2006

தாஜு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன் பண்ணலாம் என்றுதான் பார்த்தேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அப்புறம் சொல்ல வந்தது ஒன்றும் வாயில் வராது. நீ கலிஃபோர்னியாவிலும் நான் டெக்சாஸிலும் வந்து விழுந்த நாளிலிருந்து நமக்கு லெட்டர்தானே சரிப்பட்டு வந்திருக்கிறது.

ஊரிலிருந்து சித்தப்பா ஒரு பேப்பர் கட்டிங் அனுப்பியிருக்கிறார். கொடிமரப்பட்டினம் தென்னந்தோப்பில் பழங்காலக் கட்டடமாம். உங்கள் தோப்புடி! உன் வாப்பா வைத்த தோப்பு! நவம்பரில் கொட்டின மழையில் மணல் சரிந்து கல்சுவர் வெளியே வந்திருக்கிறது. நாகலக்ஷ்மி என்று ஒரு தொல்லியல் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, நானூறு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்தவச் சிற்றாலயமாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கடல் கொண்டுபோன மாதா கோவில் ஒன்று நம் ஊரில் இருந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்வார்கள் என்று உன்னிடம் அளப்பேனே, நீகூட "கடலுக்கு எதுக்குடி கோவில்?" என்று சிரிப்பாயே, அதுவேதான் என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார்.

படித்ததும் நான் கிச்சன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேவநேசன் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஊரிலிருந்து எது வந்தாலும் இப்போது என் புருஷனுக்கு அந்த ஒரு கேள்விதான்.

அம்மா அங்கேதானே இருக்கிறாள், தாஜு. சுனாமிக்கு மறுநாள் எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் தண்ணீர், உங்கள் கபர்ஸ்தானிலும் தண்ணீர். உன் அண்ணன் நசுருதீன் நானா தோப்பைத் திறந்துவிட்டார். பத்தொன்பது பேரை ஒரே குழியில் வைத்தார்கள். பெட்டி இல்லை, சாமியார் இல்லை, ஒரு மந்திரிப்புத் தண்ணீர்கூட இல்லை. க்ரீன் கார்டு பாதியில் நின்றதால், போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொன்னார், நான் இங்கே உட்கார்ந்து டிவி பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் எழுத்து சொல்லிக்கொடுத்த செபஸ்தி டீச்சர், நாதியில்லாமல் மணலில் கிடக்கிறாள் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அது கோவில் என்றால் அம்மா கோவிலுக்குள் இருக்கிறாள்! பீடத்துக்கு முன்னால்!

உன் தங்கை ஷஹீமா கிடைக்கவே இல்லை என்பது எனக்கு மறக்கவில்லை. என் கதையையே பாடுகிறேன் என்று கோபப்படாதே. நானாவிடம் சொல்லி அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அந்தப் பேராசிரியர் தோண்டக் கேட்டால் மறுக்க வேண்டாம் என்றும் சொல். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஞானம்


பிளசன்டன், கலிஃபோர்னியா
25 பிப்ரவரி 2006

ஞானம்,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம். இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். நீ கேட்டதை நசுருதீன் நானாவிடம் சொன்னேன். அவர் ஒரு கவர் நிறையப் படம் அனுப்பிவிட்டார், ஒரு வரி எழுதவில்லை. அவர் குணம் உனக்குத்தான் தெரியுமே.

படங்களை டைனிங் டேபிளில் பரப்பிவைத்து நாள் முழுக்கப் பார்த்தேன். வெட்டின கல், சுண்ணாம்பு, பெரிய வேலைதான். ஒரு சுவர் மட்டும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதன் நடுவில் அரைவட்டமாக ஒரு குடைவு. அதற்குப் பின்னால் கடல் தெரிகிறது.

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. கடல் இருக்கும் பக்கம் மேற்கு. மக்கா இருக்கும் மேற்குச் சுவரில் நடுவாக இப்படிக் குடைந்து வைப்பது நாங்கள். இமாம் நின்று தொழ வைக்கும் இடம் அது, மிஹ்ராப் என்போம். நம் ஊர்ப் பெரிய பள்ளிவாசலில் ஜன்னல் வழியாக நீயே எட்டிப் பார்த்திருக்கிறாய், வாப்பா உன் காதைத் திருகினாரே! உங்கள் கோவிலில் பீடம் கிழக்கே இருக்கும் என்று எனக்குச் சொன்னவளும் நீதான். இது கோவில் இல்லை ஞானம். பழைய பள்ளிவாசல்.

அந்தப் பேராசிரியர் தப்பாகச் சொல்லியிருக்கலாம், அல்லது பேப்பர்க்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு எழுதியிருக்கலாம். பள்ளிவாசல் இடம் என்றால் அது எங்களுக்கு அமானத், நம்பி ஒப்படைத்த சொத்து. அதைத் தோண்ட விடுவதா வேண்டாமா என்று ஜமாஅத்தில் பேசித்தான் நானா முடிவு சொல்வார்.

உன் மனசு என்ன பாடுபடும் என்று தெரியும். அல்லாஹ்வுடைய வீட்டு நிலத்தில் டீச்சர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளேன். அதுவும் நல்ல இடம்தானே?

தாஜ் நிஷா


ரிச்சர்ட்சன்
3 மார்ச் 2006

தாஜ் நிஷா,

நல்ல இடம்தானே என்று கேட்கிறாய். எப்படிடி கேட்க மனசு வந்தது?

உன் லெட்டர் வந்தபோது வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கோவில் கிடைத்த செய்தியை எல்லோரிடமும் சொல்லி, அம்மாவுக்காக நன்றி ஜெபம் வைத்திருந்தேன். கவரைப் பார்த்ததும், படம் வந்துவிட்டது என்று அத்தனை பேருக்கும் முன்னால் பிரித்தேன். படித்தேன். பிறகு எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே எல்லோரும் எனக்காகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தேவநேசன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "கோவிலோ இல்லையோ, ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும் ஞானம், வெளியே வா" என்றார். அவருக்கென்ன! அவர் அம்மா தூத்துக்குடியில் இன்னமும் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கிடைத்த ஒரே ஒரு ஆறுதல், தாஜு. அதையும் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டாய். இடம் கொடுத்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. கொடுத்த கையாலேயே இப்படித் திருப்பிப் பிடுங்குவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒரு பேராசிரியருக்குத் தெரியாதது, படத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டதோ? சிற்றாலயம் என்று ஒருத்தர் வாயில் வந்தது உனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன்.

ஞானம்


பிளசன்டன்
11 மார்ச் 2006

ஞானம்,

பொறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. நான் பொறுத்துக்கொண்டிருப்பது என்ன என்று இன்றைக்குத் தெரிந்துகொள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஷஹீமா, வாடி, கரைவரைக்கும் போய் நல்ல மீனா பார்த்து வாங்கிட்டு வருவோம்" என்று கூப்பிட்டார்கள். அவள் அப்போதுதான் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் உம்மா, "கல்யாணப் பொண்ணு, எங்கேயும் போகாதே" என்று தடுத்திருக்கிறார். டீச்சர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்று துப்பட்டியைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு சிரித்துப் பேசிப் போனதை உம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

உன் அம்மா கிடைத்தார்கள். என் தங்கை கிடைக்கவில்லை.

இதை ஒரு வருஷமாக உன்னிடம் நான் சொல்லவில்லை. நீயே நொறுங்கிக் கிடந்தாய், எப்படிச் சொல்வேன்? உம்மா இப்போதும் உன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. டீச்சர் கூப்பிட்டதால்தானே என்று அவர் புலம்புவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

இன்னும் ஒன்று. அந்தக் குழியில் அடையாளம் தெரியாத பெண் ஒருத்தியும் இருக்கிறாள். "கையில மருதாணி இருந்துச்சு தாஜு, வேற ஒண்ணும் கேக்காதே" என்று நானா ஒரு தடவை போனில் சொன்னார். ஷஹீமாவுக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி. கிறிஸ்துமஸுக்கு உங்கள் பெண்கள்கூடத்தான் வைத்திருந்தார்கள். நானா பார்த்தது ஷஹீமாவைத்தானா? அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

அம்மாவை நினைத்து அழுதாயே, அவர்கள் பக்கத்தில் யார் கிடக்கிறார்கள் என்று ஒரு நாளாவது என்னிடம் கேட்டிருக்கிறாயா?

தாஜ் நிஷா


பிளசன்டன்
26 மார்ச் 2006

ஞானம்,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். இதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நேற்றுப் பிள்ளைகளோடு ஹாஃப் மூன் பே போயிருந்தோம். அஸர் தொழுகை நேரம் வந்தது. இங்கிருந்து மக்கா வடகிழக்கு, அதனால் கடலுக்கு முதுகு காட்டி மணலிலேயே விரிப்பைப் போட்டுத் தொழுதேன். முடித்து எழுந்தால், பக்கத்தில் மண்வீடு கட்டிக்கொண்டிருந்த தஸ்னீம், "உம்மா, இன் யுவர் டவுன், டிட் யூ ப்ரே ஃபேஸிங் தி ஓஷன்?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். நான் யோசிக்காமல், "இல்லடா, அங்கயும் கடலுக்கு முதுகு காட்டித்தான்" என்றேன்.

சொன்ன வாயை மூடவில்லை ஞானம். அப்போதுதான் உறைத்தது. யா அல்லாஹ்! அங்கேயும் கடலுக்கு முதுகுதானே! நம் ஊரில் சூரியன் கடலிலிருந்துதானே வரும்! கடல் கிழக்கேடி! கிழக்கே! இந்த ஊரில் வருஷக்கணக்காகச் சூரியன் கடலில் விழுவதைப் பார்த்துப் பார்த்து, கடல் என்றாலே மேற்கு என்று எழுதிவிட்டேன். பிறந்து வளர்ந்த ஊரின் கடல் எந்தப் பக்கம் என்று மறந்துபோன ஜென்மம் உலகத்தில் உண்டா? விரிப்பை மடிக்காமல் அப்படியே நின்றேன். என்ன ஏதென்று பயந்து பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நீயும்தான் மறந்திருக்கிறாய், இல்லையென்றால் அந்தக் கோபத்தில் முதல் வரியிலேயே என்னைக் கிழித்திருப்பாய்.

அந்தக் குடைவு கடல் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. கிழக்குச் சுவர். எங்கள் ஆட்கள் கிழக்கே மிஹ்ராப் வைக்கவே மாட்டார்கள். அது உங்கள் பீடம். நாகலக்ஷ்மி சொன்னதுதான் சரி. டீச்சர் கோவிலுக்குள்தான் இருக்கிறார்கள்.

தெரியாமல் செய்ததுதான், ஆனால் முழுக்கத் தெரியாமல் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பெண் ஷஹீமாவாக இருந்தால் அவள் பள்ளிவாசல் மண்ணில் இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நீ கோவிலுக்கு ஆசைப்பட்ட மாதிரியேதான். அந்த ஆசையில் படத்தைப் பார்த்தால் வேறு எப்படித் தெரியும்?

நானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழியில் இருப்பவர்களின் குடும்பத்துக்காரர்கள் சம்மதித்தால் அந்தப் பேராசிரியர் தோண்டட்டும் என்று சொல்லிவிட்டார். உன் நம்பரும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் டீச்சரைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நடந்தது அதுதான். ஆனால் அதை அப்படிக் கத்தியாக்கி உன்மேல் எறிந்திருக்க வேண்டாம்.

தாஜு


ரிச்சர்ட்சன்
9 ஏப்ரல் 2006

தாஜு,

இரண்டு லெட்டரையும் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் மார்ச் பதினொன்றாம் தேதி லெட்டருக்குப் பதில் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் வேறு எதுவும் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அம்மா தனியாகப் போனாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று போனில், "நாளைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கப்போறேன், நீ அங்க ஐஸ் மீன் தின்னு" என்று கேலி பண்ணினாள். அவளோடு ஷஹீமாவும் போனது எனக்குத் தெரியாது, மாதா சத்தியமாகத் தெரியாது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிள்ளை! மடியில் உட்கார்த்தி நான் ஜடை போட்டுவிட்ட பிள்ளை! ஒரு வருஷமாக நான் போன் பண்ணும்போதெல்லாம் என் அம்மாவுக்காக நீயும் கூட அழுதாயே. எப்படிடி முடிந்தது உன்னால்? என்னால் முடிந்திருக்காது. நான் தெருவில் இறங்கிக் கத்தியிருப்பேன்.

நீ கேட்டது சரி. பக்கத்தில் யார் என்று நான் கேட்கவே இல்லை.

கடல் விஷயத்துக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. பேப்பரில் ஒரு பெட்டி வரைந்து, சூரியனை வரைந்து பார்த்தேன். நீ சொன்னது உண்மை. தேவநேசனிடம் காட்டினேன். "ரெண்டு பேரும் திசை தெரியாமலா இத்தனை நாள் சண்டை போட்டீங்க?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு பொழுது நான் சந்தோஷமாக இருந்தேன் தாஜு. அம்மா கோவிலில் இருக்கிறாள் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மகள் ஜோவானாகூட ஸ்கூலில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் நாகலக்ஷ்மி போன் பண்ணினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"மேடம், இருக்கலாம்னுதான் இப்ப சொல்ல முடியும். உறுதியாச் சொல்லணும்னா தரையைத் திறந்தாகணும். பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்துலதான் அந்தக் குழி இருக்கு. அவங்களை எல்லாம் மரியாதையா எடுத்து வேற இடத்துல அடக்கம் பண்ணிடுவோம். குடும்பத்துக்காரங்க கையெழுத்துப் போட்டாப் போதும். நீங்கதான் முதல்ல போடுவீங்கன்னு நசுருதீன் சார் சொன்னார்."

சேசுவே! நான் என்ன கேட்டேன், எது வந்து நிற்கிறது பார்! அம்மா கோவிலில் இருக்கிறாள் என்று நிரூபிக்க, அம்மாவைக் கோவிலிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமாம். என் வாயாலேயே கேட்டேனே, தோண்டச் சொல் தோண்டச் சொல் என்று உன்னைக் கும்பிட்டேனே! எடுத்தால் யார் யார் என்று தெரியுமா என்று கேட்டேன். "எல்லாரையும் பிரிக்க முடியாது மேடம். ரத்த சொந்தம் இருந்தா, டெஸ்ட் பண்ணிச் சிலரைச் சொல்லலாம்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டாம் தாஜு. அது கோவில் என்று யாரும் எனக்கு எழுதித் தர வேண்டாம். இருக்கலாம் என்பதே எனக்குப் போதும். அம்மாவைத் தொடாமல் விட்டால் சரி. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லத்தான் மறுபடி போனை எடுத்தேன்.

அப்போதுதான் மருதாணி ஞாபகம் வந்தது.

திறந்தால் உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண் ஷஹீமாவா இல்லையா என்று டெஸ்டில் சொல்லிவிடுவார்கள். உன் உம்மா நிம்மதியாக அவள் பேருக்கு ஒரு பாத்திஹா ஓதலாம். என் அம்மாதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளைத் தேடிக் கொடுக்க என் அம்மாவை எழுப்ப வேண்டும் என்றால், எழுப்பட்டும். அவர் அனுப்பின சம்மதப் பேப்பர் டேபிள்மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல். இன்றைக்கே போட்டு அனுப்புகிறேன். மனசாரச் சொல்கிறேன்.

ஞானம்


பிளசன்டன்
17 ஏப்ரல் 2006

ஞானம்,

உன் கடிதத்தைக் கராஜில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நீ இப்படிக் கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குழியைத் திறக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக ஆசைப்படுவது நான்தான், என்னைவிட யாருக்கு அவசரம் இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். நீ பேனாவை என் கையில் கொடுத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

உம்மாவுக்கு போன் பண்ணினேன். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். குழி, மருதாணி, டெஸ்ட், நீ கேட்டது, எல்லாம். உம்மா, "அந்தப் பொண்ணு அவ இல்லன்னு சொல்லிட்டா நான் எங்கடி போவேன்?" என்று கேட்டார். "அவ அங்கதான் இருக்கான்னு நெனச்சு, வெள்ளிக்கிழமைதோறும் உன் நானாவுக்குத் தெரியாம அந்தத் தோப்புக்குப் போயி உக்காந்துட்டு வர்றேன் தாஜு. அதையும் பிடுங்கிடுவாங்களா?" என்றார்.

உன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காத என் உம்மா, வாரம் தவறாமல் உன் அம்மா இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார், ஞானம். எனக்கு அழக்கூட வரவில்லை.

நான் சொன்னபடி நானா நாகலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டார். சுவரை அளந்துகொள்ளட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும், வெளிப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும். குழியைத் தொட வேண்டாம். அந்தம்மா கொஞ்சம் வருத்தப்பட்டாராம், ஆனால் புரிந்துகொண்டார்.

கையெழுத்துப் போடாதே. டீச்சர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களோடேயே இருக்கட்டும்.

தாஜு